கிளாக்கர் வீட்டுத் துரைசாணி

சொந்தப் பூனைக்கு மரியாதை கொடுத்தே ஊரில் பெயரைக் கெடுத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், வேலிகளுக்கு நடுவே போகிற எங்கள் ஒழுங்கையில், எனக்குப் பக்கத்து வீட்டு வளவில் இருந்தார். கோயில் மனேச்சரையே ‘நீர்’ என்று கூப்பிடுகிற ஆள். பூனைக்கு மட்டும் ‘வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ’. நான் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு நடுவில் வேலி இருந்தது, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது, பொட்டுக்கு இந்தப் பக்கம் எனக்குக் காதும் இருந்தது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஒழுங்கையில் அதை யாரும் பாவிக்கவில்லை. கொழும்புக் கம்பனி ஒன்றில் தலை நரைக்கும்வரை, பிறகு அந்த நரையும் உதிரும்வரை கிளாக்கர் வேலை பார்த்தவர். ஆகவே கிளாக்கர். கல்யாணம் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்பதற்கு ஒழுங்கையில் பல காரணங்கள் புழக்கத்தில் இருந்தன. பூனை வந்தபிறகு அந்தக் காரணங்கள் ஒன்றுக்கும் தேவை இல்லாமல் போய்விட்டது.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். கொழும்பிலே எல்லாம் எரிந்துபோக, கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஒருவர் காணி உறுதிகளைக் கொண்டுவந்தார். இன்னொருவர் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தார். கிளாக்கர் மூடி போட்ட ஒரு பிரம்புக் கூடையோடு வந்தார். உள்ளே நகை என்றுதான் ஊர் நினைத்தது. ஒழுங்கை முகப்பில் கூடையை வைத்து மூடியைத் திறந்தார். ஒரு முகம் எங்களைப் பார்த்தது. இங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பது போல மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

“உது என்ன கிளாக்கர்?” என்று கேட்டவர் மனேச்சர். பிள்ளையார் கோயில் நிர்வாகம் அவருடையது. ஊர் நிர்வாகத்தையும் அவராகவே எடுத்து வைத்திருந்தார்.

“பூனை.”

“ஏன் காணும், சுன்னாகத்திலை பூனை முடிஞ்சுபோச்செண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

“இது பேர்ஷியன் சாதி. பேர் மேபல்.” கிளாக்கர் கூடைக்குள் குனிந்தார். “மேபல், வீடு வந்திட்டுது. இறங்குங்கோ.”

மேபல் இறங்கவில்லை. கூடையோடு தூக்கிக்கொண்டுபோய் விறாந்தையில் வைக்க வேண்டியதாயிற்று. துரைமார் வீட்டு அம்மாவுக்கு உரிய ‘துரைசாணி’ என்ற பட்டத்தை ஒழுங்கை அன்று பின்னேரமே அதற்குக் கொடுத்துவிட்டது.

துரைசாணியின் அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஊர்ப் பூனைக்கு மூக்கு என்று ஒன்று முன்னுக்கு நிற்கும். இதற்கு அது இல்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஏதோ இருந்தது, அவ்வளவுதான். குட்டியாக இருக்கும்போது யாரோ பார்க்காமல் கதவைச் சாத்தியிருக்க வேண்டும். காது இரண்டும் மயிருக்குள்ளே தொலைந்துபோயிருந்தன. குட்டைக் கால். கழுத்தைச் சுற்றி ஒரு சாண் மயிர். வாலைப் பார்த்தால் இந்தப் பூனைக்குப் பின்னால் இன்னொரு பூனை வருகிற மாதிரி இருக்கும். கண்கள் செப்பு நிறம், எந்நேரமும் நீர் வடியும். ஊரை விட்டு வந்த துக்கத்தில் அழுகிறது என்று நினைத்து நானும் ஒரு கிழமை இரக்கப்பட்டேன். மூக்குச் சப்பையான சாதிக்கு அப்படித்தானாம். கிளாக்கர் பஞ்சை நனைத்து, “கொஞ்சம் பொறுங்கோ, முடிஞ்சுது” என்று துடைத்துவிடுவார். நித்திரையில் குறட்டை வேறு. எங்கள் வீட்டு மனிசனுக்கு நிகராகக் குறட்டை விட ஒழுங்கையில் அதுவரை ஆள் இருக்கவில்லை.

கொழும்பிலிருந்து வரும்போது பால் வெள்ளை. சுன்னாகத்துச் செம்மண்ணுக்கு அது பொறுக்குமா? ஒரு மாதத்தில் செங்கல் நிறமாகிவிட்டது. கிழமைக்கு ஒருமுறை கிணற்றடியில் சீயாக்காய் வைத்து முழுக்கு நடக்கும். தண்ணீர் பட்டதும் துரைசாணி மறைந்துபோய், உள்ளேயிருந்து ஒரு நோஞ்சான் அணில் வெளியே வரும். மயிர்தான் ஆள், மயிருக்குள்ளே ஆள் இல்லை. காய்ந்தபிறகு சீவிவிடுவார். தலையில் மருந்துக்கும் ஒரு மயிர் இல்லாத மனிதர் சந்தைக் கடையில் நின்று, “பல்லு ஐதான சீப்பு ஒண்டு, நெருக்கமான சீப்பு ஒண்டு” என்று கேட்டு வாங்கினார். கடைக்காரர் பண்பானவர். கிளாக்கர் படியிறங்கிப் போகும்வரை சிரிக்காமல் இருந்தார்.

குணம் அழகையும் மிஞ்சியது. மரம் ஏறாது. மதில் பாயாது. கதிரையில் வைத்தால் பின்னேரம் வரை கதிரையில் இருக்கும். ஊர்க் கடுவன்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்திப் பார்த்தன. திரும்பியும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும்விட, அது சத்தம் போடாது. பசித்தால் கிளாக்கருக்கு முன்னால் வந்து இருந்து வாயைத் திறக்கும். பல் தெரியும், சின்ன நாக்குத் தெரியும், சத்தம் மட்டும் வராது. பிறகு வாயை மூடிவிடும்.

“உது ஊமையோ ஐயா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊமை இல்லைப் பிள்ளை. சத்தம் போடுறது அவாவுக்கு விருப்பமில்லை.”

“எலி பிடிக்கிறதும் விருப்பமில்லையோ?”

“அதை நீர் அவாட்டைத்தான் கேக்கவேணும்.”

மனேச்சர் கேட்டார். பூனையிடம் அல்ல, கிளாக்கரிடம். விதைக்கென்று அவர் கொட்டிலில் அடுக்கி வைத்திருந்த கச்சான் கடலை மூட்டைகளை எலி ஒரு பக்கத்தால் விதைத்துக்கொண்டு வந்தது. “உம்மடை துரைசாணியை ஒரு இராவைக்கு விடும். சும்மா இருந்துதானே சாப்பிடுறா” என்றார். கிளாக்கர் அரைமனதோடு பூனையையும் அது படுக்கிற மெத்தையையும் கூடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். விடிய மனேச்சர் கொட்டிலைத் திறந்தபோது மூட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை. துரைசாணி மெத்தையில் குறட்டை. எலி அதன் வால் மயிரில் ஒரு கொத்தைப் பிடுங்கிக் கூடு கட்டத் தொடங்கியிருந்தது. மனேச்சர் கூடையை வேலிக்கு மேலால் திருப்பிக் கொடுத்தார்.

“உது பூனை இல்லைக் காணும். எலிக்குச் சீதனம்” என்றார்.

இனிச் சாப்பாட்டு விஷயம். கிளாக்கர் சுத்த சைவம். முட்டை வைத்த தட்டத்தைக்கூடத் தொடமாட்டார். மேபலோ மீன் தவிர வேறு ஒன்றும் சாப்பிடாது. அதுவும் உப்பு, புளி, தூள் எதுவும் போடாமல் அவித்து, முள் எடுத்த மீன். எங்கள் வீடு வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாளில் மீன் சாப்பிடுகிற வீடு. மயிலிட்டியிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன்காரர் எங்கள் படலையில் நிற்பார். நான் எங்களுக்கு வாங்கும்போது துரைசாணிக்கும் ஒரு துண்டு. மத்தியானம் கிளாக்கர் வேலிப் பொட்டடியில் வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மற்றக் கையால் தட்டத்தை நீட்டுவார். பதிலுக்கு முருங்கைக்காய் வரும். அதோடு முடிந்தால் பரவாயில்லை. மேபல் தனியே இருந்து சாப்பிடாது, பக்கத்தில் ஆள் வேண்டும். கிளாக்கர் தட்டத்துக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, சுவரில் தொங்குகிற பிள்ளையார் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது முடித்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் வார்த்துக்கொள்வார்.

“என்னத்துக்கு ஐயா உந்தக் கரைச்சல்? பாலும் சோறும் குடுத்துப் பழக்குங்கோவன்.”

“பழக்கலாம் பிள்ளை. ஆனா அவா என்னட்டை விருந்தாளியா வந்தவா.”

விருந்தாளி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

எண்பத்தாறில் ஆமியின் ஹெலி சுற்றத் தொடங்கியதும் எங்கள் வளவில் ஒழுங்கைக்குப் பொதுவாக, பதுங்கியிருக்க ஒரு பங்கர் வெட்டினோம். சத்தம் கேட்டால் முதலில் பிரம்புக் கூடை இறங்கும், பிறகுதான் கிளாக்கர் இறங்குவார். நாங்கள் எல்லாரும் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிடுவோம். மனேச்சர் தன் சொந்தப் பிள்ளையாரை விட்டுவிட்டு நல்லூர்க் கந்தனைக் கூப்பிடுவார். நடுவிலே துரைசாணி அரைக்கண் மூடி, கூடைக்குள்ளே கம்மென்று இருக்கும். “உதைப் பாக்க எனக்குப் பத்திக்கொண்டு வருது” என்பார் மனேச்சர். கிளாக்கருக்குத்தான் எங்கள் எல்லாரையும்விட நடுக்கம். பல்லுக்கூடக் கிட்டும். கூடைக்குள் ஒரு கையை விட்டபடி இருப்பார். அந்தக் கை மட்டும் நடுங்காது.

அந்த வருடம்தான் கோயிலில் அவருக்கு வேட்டைத் திருவிழா திரும்பக் கிடைத்தது.

பிள்ளையார் கோயிலில் ஒவ்வொரு திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். பிள்ளையார் வேட்டைக்குப் போகிற திருவிழா கிளாக்கரின் தகப்பன் வழி உரிமை. அவர் கொழும்பில் இருந்த காலம் முழுக்க அதை மச்சான்காரன் செய்து, காளாஞ்சியையும் வாங்கிவந்தார். காளாஞ்சி என்பது வேறொன்றும் இல்லை, பூசை முடிய ஐயர் சபைக்கு முன்னால் உபயகாரரைக் கூப்பிட்டுத் தட்டத்தில் கொடுக்கிற வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம். சந்தையில் வாங்கினால் ஒரு கை கொள்ளாது. ஆனால் அதை யார் முதலில் வாங்குவது என்று கோடு ஏறி வழக்காடினவர்களும், கூடப்பிறந்தவர்களோடு கதை பேச்சை விட்டவர்களும் குடாநாடு முழுக்க இருக்கிறார்கள். “கொழும்பிலை கிடந்தவருக்கு இப்ப என்ன உபயம்” என்று மனேச்சர் இழுத்தடித்து, கடைசியில்தான் ஓமென்றார். கிளாக்கர் பட்டுச் சால்வை ஒன்றை ஸ்திரிக்கைப்பெட்டியால் மினுக்கி, வேலிக்கு மேலால் எனக்குக் காட்டினார்.

“இந்தமுறை என்னைக் கூப்பிடுவினம் பிள்ளை. சபைக்கு முன்னாலை, பேர் சொல்லி.”

பாவம், அவருடைய சொந்தப் பெயரை ஊருக்குள் கேட்க அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

கொடி ஏறினால் தீர்த்தம் முடியும்வரை எங்கள் ஒழுங்கையில் மீன், முட்டை எதுவும் இல்லை. மீன்காரர் முகப்பிலேயே சைக்கிளைத் திருப்பிவிடுவார். முந்திய இரண்டு திருவிழாக்களிலும் கிளாக்கர் கொழும்பு டின்மீனை யாருக்கும் தெரியாமல் உடைத்துச் சமாளித்திருந்தார். இந்தமுறை சாமான் வருவது நின்று, டின்மீனைக் கடைகளில் கண்ணாலும் காணக் கிடைக்கவில்லை. பால் வைத்தார். தயிர் வைத்தார். கோயில் பொங்கல் புக்கையை வைத்தார். துரைசாணி மணந்து பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டது. நாளுக்கு நாள் அதன் தலை கீழே போனது. வேட்டைத் திருவிழா அன்று காலை கிளாக்கர் பொட்டடிக்கு வந்தார். கையில் தட்டம்.

“பிள்ளை, அவா எழும்புறா இல்லை. வாயைத் திறக்கிறதையும் விட்டிட்டா. ஒரு துண்டு எங்கையும் எடுக்கேலாதோ?”

“கொடி ஏறியிருக்கு ஐயா. இப்ப என்ரை அடுப்பிலை மீன் ஏறினா நாளைக்கு நான் ஒழுங்கையாலை நடக்கேலாது.”

“விளங்குது பிள்ளை” என்றார். தட்டத்தை வேலியடியில் வைத்துவிட்டுப் போய்ச் சைக்கிளை எடுத்தார். கோயிலுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் கோயிலில் எல்லாம் தயார், உபயகாரரைத் தவிர. ஐயர் மனேச்சரைப் பார்த்தார். மனேச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். மச்சான்காரன் தன் சால்வையைச் சரிபார்த்தார். “பெரியவர் இன்னும் பூனைக்குத் தலை சீவி முடியேல்லைப்போலை” என்றார் மனேச்சர். சபை சிரித்தது. கடைசியில் உபயகாரர் இல்லாமலே பிள்ளையார் வேட்டைக்குப் புறப்பட்டார்.

தவிலும் நாயனமுமாய் எங்கள் ஒழுங்கை திரும்புகிற முடக்குக்கு வந்தோம். அந்தப் பக்கத்தால் கிளாக்கர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். உடம்பு முழுக்கச் செம்புழுதி. பலாலிப் பக்கம் ஆமியின் செல் குண்டு அடி என்று, மயிலிட்டியிலிருந்து குச்சொழுங்கைகளாலே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். கரியரில் சாக்கு சுற்றிய ஒரு பெரிய கட்டு. பிறவியில் மீன் வாங்கியிராத மனிதர் கடற்கரையில் நின்று, “முள்ளில்லாத மீன் இருக்கோ?” என்று கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் பகிடி விடாமல், உண்மையிலேயே முள் இல்லாத மீனைக் கொடுத்துவிட்டார்கள். திருக்கை. சுளகு அளவில் ஒன்று. சாக்குக்குள்ளே உடம்பு அடங்கியது, வால் அடங்கவில்லை. கரியருக்குப் பின்னால் முழ நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு, புழுதியில் கோடு கீறிக்கொண்டு வந்தது. அது அவருக்குத் தெரியாது. தவில் நின்றது.

“கிளாக்கர், உம்மடை சைக்கிளிலை தொங்குறது என்ன?” என்றார் மனேச்சர்.

கிளாக்கர் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் வாலைக் கண்டார். மறைக்கப் பார்க்கவில்லை.

“திருக்கை.”

“கொடி ஏறின ஊருக்குள்ளை, வேட்டைத் திருவிழா உபயகாரர், திருக்கையோடை வாறார்.” மனேச்சர் சபை முழுவதற்கும் கேட்கச் சொன்னார். “உமக்குக் காளாஞ்சி வேணுமோ, பூனை வேணுமோ? ஒண்டைச் சொல்லும் காணும்.”

கிளாக்கர் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று வருடத்தில் அவர் வாயால் ஒருமுறையும் வராத கதை அன்றைக்குத்தான் வந்தது.

“எண்பத்துமூண்டிலை, நான் வாடகைக்கு இருந்த வீட்டுச் சொந்தக்கார நோனா என்னைத் தன்ரை கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சவா. மேபல் எப்பவும் படுக்கிறது அங்கைதான். பொல்லுகளோடை ஆக்கள் வந்து வீடெல்லாம் தேடினவங்கள். அந்த அறைக்குள்ளையும் வந்தவங்கள். அவங்கடை காலுகளை நான் படுத்துக்கிடந்து பாத்தனான். மேபல் என்ரை நெஞ்சிலை கிடந்தவா. ஊர்ப் பூனை எண்டா வெருண்டு கத்திக்கொண்டு பாய்ஞ்சிருக்கும், அவங்கள் குனிஞ்சு பாத்திருப்பாங்கள். இவா அசையேல்லை. சத்தம் போடேல்லை.”

கிளாக்கர் சைக்கிளை நிமிர்த்தினார்.

“நான் கப்பலுக்கு வரேக்கை, தான் மகனோடை அவுஸ்திரேலியாவுக்குப் போறன், இதை நீ பாத்துக்கொள் எண்டு நோனா கூடையைத் தந்தவா. நான் ஓமெண்டனான். காளாஞ்சியை மச்சானுக்கே குடுங்கோ. அவா பசியிலை கிடக்கிறா.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். சனம் விலகி வழி விட்டது. திருக்கை வால் கடைசியாகப் போனது.

ஊமை என்று ஊர் முழுக்கப் பகிடி பண்ணிய அந்த வாய் அன்றைக்கு ஒரு சின்னச் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஆள் இருந்திராது. நான் சபையை விட்டு விலகி ஓடிப்போய் அடுப்பை மூட்டினேன். பிள்ளையார் கோவித்தால் பிறகு அவரோடு கதைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிளாக்கர் பொட்டுக்குள்ளால் நீட்டிய திருக்கையை வெட்டித் துண்டாக்கி அவிக்க வைத்தால் மணம் ஒரு வீட்டோடு நிற்கிற சாமானா? ஒழுங்கை முழுக்கப் பரவியது. ஆனால் ஒரு வேலிக்கு மேலாலும் ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் அது நடந்தது அன்றைக்கு மட்டும்தான்.

மேளச்சத்தம் இன்னும் தொடங்கவில்லையே என்று பார்த்தேன். பிள்ளையார் இன்னும் முடக்கில்தான் நின்றார். மனேச்சர் கிளாக்கரின் படலைக்கு வந்து, உள்ளே வராமல் வெளியே நின்று கத்தினார்.

“கிளாக்கர், உபயகாரர் நிக்கேக்கை வேறை ஆருக்கும் காளாஞ்சி குடுக்கேலாது. குளிச்சுப்போட்டு வாரும்.”

“நான் திருக்கை தூக்கினனான்” என்று கிணற்றடியிலிருந்து பதில் வந்தது.

“அதுதானே குளிக்கச் சொல்லுறன். பிள்ளையார் நிப்பார்.” மனேச்சர் கொஞ்சம் இருமினார். “அவரின்ரை எலி வாகனத்திலை ஒருநாளும் கை வைக்காத பூனை இந்த ஊரிலை உது ஒண்டுதானே. அவருக்கென்ன கோபம்.”

ஈர வேட்டியோடு கிளாக்கர் ஒழுங்கைக்கு ஓடுவதைப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். மினுக்கிய சால்வையை அந்த அவசரத்தில் மறந்துபோனார். ஐயர் சபைக்கு முன்னால் அவருடைய முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டது முடக்கிலிருந்து எனக்குக் கேட்டது. அவ்வளவு நாளும் நான் கேட்டிராத பெயர். அதை இங்கே எழுதப்போவதில்லை, அது அவருக்கும் பிள்ளையாருக்கும் உரியது.

நான் அவித்த மீனை ஆறவைத்து, அதே தட்டத்தில் போட்டுக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தேன். துரைசாணி மெத்தையில் கிடந்தது. மணம் பட்டதும் மெல்லத் தலையைத் தூக்கியது. தட்டத்தைப் பார்த்தது. பிறகு கிளாக்கர் இருக்கிற வெறும் இடத்தைப் பார்த்தது. மீனைத் தொடவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. சேலையை ஒதுக்கிக்கொண்டு அவருடைய இடத்தில் சப்பாணி கட்டி இருந்தேன். அது என்னைப் பார்த்து, சத்தம் வராமல் வாயைத் திறந்து மூடியது.

“ஐயா இப்ப வந்திடுவார், மேபல்” என்றேன். “நீங்கள் சாப்பிடுங்கோ.”